பீன்ஸுக்குப் பயந்தவன்

நாய்க்குப் பயப்படுவேன். கரப்பான் பூச்சிக்குப் பயப்படுவேன். லிஃப்ட் நடுவழியில் லேசாகக் குலுங்கினால் பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்துக்கொள்வேன். அவர் யார் எவர் என்று பார்ப்பதில்லை. இதெல்லாம் என் வீட்டாருக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் சமையலறை ஜன்னலில் வரிசையாக இருந்த காகிதக் கப்புகளுக்கு முன்னால், காலையில் பல்கூடத் துலக்காமல் நெஞ்சில் கைவைத்து நான் நின்றது என் மனைவிக்கே புதிதாக இருந்தது.

"ஏங்க, அது பீன்ஸ் விதைங்க. பாம்பு முட்டை இல்ல."

"தெரியும்."

"அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். காரணத்தைச் சொன்னால் அரை மணி நேரத்தில் விஷயம் என் அக்காவுக்குப் போய்விடும். அக்காவுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் அந்தக் கப்புகளின் ரகசியமே.

நான் குப்பைக்காரன். இதைத் தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை, தொழிலே அதுதான். காய்கறிச் சந்தைக்குப் பின்னால் ஒரு வேலி போட்ட மைதானத்தில் அழுகிய கோஸ், வாழை மட்டை, மரத்தூள், குதிரை லாயத்துச் சாணம் எல்லாவற்றையும் அடுக்கி, நனைத்து, புரட்டி, கம்போஸ்ட் ஆக்கி விற்கிறேன். என் சட்டை என்னை முந்திக்கொண்டு வீட்டுக்குள் வரும். அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிறது. "டேய் குப்பை" என்றால் நான்.

அக்கா கல்யாணத்தை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு, நமக்கு ஒத்துவராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டவள். அதற்குப் பிறகு அவள் எடுத்துக்கொண்டது ஒரு குத்தகை நிலம். அதுவும் யாரும் வேண்டாம் என்று விட்ட நிலம். முன்பு பயிர் வைத்தவர் வருஷா வருஷம் மூட்டை உரத்தை மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கூடை சாணமோ, ஒரு கைப்பிடி இலைதழையோ அந்த மண் பார்த்ததில்லை. கடைசியில் செருப்புக் குதிகாலால் தட்டினால் மண்சட்டியைத் தட்டுவது போலச் சத்தம் வரும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல், வந்த விருந்தாளி மாதிரி மேலேயே உட்கார்ந்திருக்கும்.

அந்த நிலத்தை வைத்துத்தான் எங்கள் இருவருக்கும் சண்டை. சோறு போட்டு, வெட்கமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டே போடும் சண்டை.

"மண்ணுக்கு மொதல்ல சோறு போடுக்கா. அப்புறம் செடிய அது பாத்துக்கும்."

"ஒன் மண்ணு சாப்பிட்டு ஏப்பம் விடுறதுக்குள்ள என் செடி பட்டினியிலயே போயிடும்டா. யூரியா வச்சா மூணாம் நாள் பச்ச தெரியுது."

"தெரியும், தெரியும். மூணாம் நாள் பச்சை, மூணாம் வாரம் பாடை."

போன பருவத்தில் ஒரு மூலையில் பந்தயம் வைத்து வெண்டை போட்டோம். கம்போஸ்ட் மட்டும் போட்ட பாத்தி நல்ல பிள்ளையாக, மெதுவாக, வெளிறி வளர்ந்தது. மூட்டை உரம் மட்டும் போட்டது சடசடவென்று எழுந்து, வெயில் கொஞ்சம் ஏறியதும் தலையைத் தொங்கப் போட்டது. கம்போஸ்ட்டைக் கலந்துவிட்டு, அதன் மேல் உரத்தை வழக்கத்தில் பாதியாகக் குறைத்து, தவணை தவணையாக வைத்த பாத்திதான் கூடை கூடையாகக் காய்த்தது. மக்கிய குப்பை, தண்ணீரையும் உரத்தையும் ஓடவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. நான் ஜெயித்தேன் என்று நானும், தான் ஜெயித்ததாக அவளும் இன்றுவரை சொல்லிக்கொள்கிறோம்.

அதைப் பார்த்துத்தான் அக்கா இந்த வருஷம் முழு நிலத்துக்கும் அப்படியே செய்வதென்று துணிந்தாள். நிலத்துக்காரர் முன்பே சொல்லிவிட்டார்: "கெடங்கு கட்டணும்னு ஆள் கேட்டுட்டே இருக்காங்க. இந்தத் தடவ நெலம் உசுரோட இருக்குன்னு காட்டு, அடுத்த குத்தகையும் ஒனக்கு. இல்லன்னா கான்க்ரீட்டு." அக்கா தக்காளி நாற்றைக் குழித்தட்டுகளில் போட்டாள். நான் புதிதாக முதிர்ந்த குவியலை, வேறு யாருக்கும் ஒரு கூடைகூட விற்காமல், வண்டி வண்டியாக அவள் நிலத்துக்கு அனுப்பினேன். பெருமையாக அனுப்பினேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் கடைசி வண்டி போய்ச் சேர்ந்து சில நாள் கழித்து, லாயத்திலிருந்து சாணம் கொண்டுவரும் லாரி டிரைவர் என் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். காதோடு பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும் குரல் என்பதால் அவருக்கு ஹாரன் என்று பெயர். அவர் நல்ல செய்தி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"அண்ணே, கவனிச்சீங்களா? இப்பல்லாம் நம்ம லோடுல ஒரு முள்ளுச்செடி கெடையாது. சுத்தம்! லாயத்துக்குப் புல்லுக்கட்டு போடுற ஆள மாத்திட்டாங்க. அவன் மேய்ச்சக்காட்டுல ஏதோ மருந்து அடிக்கிறானாம். புல்லுக்கு ஒண்ணும் ஆவாது, குதிரைக்கும் ஒண்ணும் ஆவாது, அகல எலச் செடி மட்டும் அப்படியே முறுக்கிக்கிட்டு செத்துடுமாம். என்னா மருந்துங்கறீங்க!"

என் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

கம்போஸ்ட் தயாரிப்பவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். அதில் நான் தூங்கிவிட்டேன் என்று சொன்னால் என் குணத்துக்குப் பொருத்தமாக இருக்கும். துரதிருஷ்டம், அன்றைக்கு விழித்திருந்தேன். சில களைமருந்துகள் உண்டு. புல்லின் மேல் அடித்தால் புல்லோடு குதிரையின் வயிற்றுக்குள் போகும், வயிற்றைக் கடந்து சாணத்துக்கு வரும், குவியலின் சூட்டில் மற்றதெல்லாம் வெந்தாலும் அது வேகாது. கம்போஸ்ட்டோடு வயலுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே தக்காளி, பீன்ஸ், கத்தரி எது வந்தாலும் அதன் குருத்தைப் பிடித்து முறுக்கும்.

"எப்பலேருந்து அந்தப் புல்லு?" என்று கேட்டேன். என் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ரொம்ப நாளாச்சுண்ணே. ஏன், மூஞ்சி வெளுத்துப் போச்சு? சர்க்கரை பத்தலயா?"

"மருந்தோட பேரு என்ன?"

"மஞ்ச டப்பா."

"பேருய்யா!"

"கேட்டேன். மஞ்ச டப்பாங்கறான்."

மீதிக் குவியலைத் தார்ப்பாயால் மூடி, சுற்றிக் கயிறு கட்டி, "விற்பனைக்கு இல்லை" என்று அட்டை தொங்கவிட்டேன். பிறகு அந்த அட்டையைப் பார்த்தே பயந்துபோய் உட்கார்ந்தேன். மருந்து அந்தக் குவியலில் வந்ததா இல்லையா, வந்திருந்தால் எவ்வளவு, எனக்குத் தெரியாது. ஏற்கெனவே அக்காவின் வயலில் கலந்து உழுதாகிவிட்டது. திரும்பப் பொறுக்கி எடுக்க அது என்ன அரிசியில் கல்லா?

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பீன்ஸ்தான். அந்த மருந்துக்கு பீன்ஸைப் போல சீக்கிரம் நடுங்கும் செடி கிடையாது. சில கப்புகளில் சுத்தமான மண், சிலவற்றில் சந்தேகப்பட்ட கம்போஸ்ட் கலந்த மண். இரண்டிலும் பீன்ஸ் ஊன்ற வேண்டும். முதல் ஜோடி இலையை நம்பக் கூடாது, அது நல்லவன் போல வந்து நிற்கும். அடுத்து வரும் மூவிலைதான் தீர்ப்பு. அது விரிந்தால் விடுதலை. கைமுஷ்டி போலச் சுருண்டால் முடிந்தது.

மனைவியின் நகப்பூச்சை எடுத்து கம்போஸ்ட் கப்புகளில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். "அதையும் விடல" என்றாள் அவள். ஆராய்ச்சி என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள், என்னிடமிருந்து அந்தச் சொல்லை எதிர்பார்த்திருக்கமாட்டாள்.

அன்றிலிருந்து நான் மனுஷனாக இல்லை. வேலைக்குப் போகும் வழியில் எந்த வீட்டு வாசலில் எந்தச் செடியைப் பார்த்தாலும் அதன் குருத்தைக் குனிந்து பார்த்தேன். ஒரு வீட்டம்மா வெளியே வந்து "யாரு வேணும்?" என்று கேட்டார். "இலை" என்று சொல்லிவிட்டு ஓடினேன். போன் அடித்தால் யார் என்று தள்ளி நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை போனுக்குப் போகும். அக்காவாக இருந்தால் எடுக்கமாட்டேன். பிறகு எடுக்காமல் விட்டதற்குப் பயந்து நானே கூப்பிடுவேன்.

"நிலத்துக்கு வரவாக்கா?" என்று வாய் மட்டும் கேட்கும். மனசு, வேண்டாம் என்று சொல்லேன் என்று கெஞ்சும்.

"இப்ப வேணாம்டா. நீ வந்து என்ன கிழிக்கப் போற. நடவு அன்னிக்கு வா போதும்."

அப்பாடா என்று இருக்கும். எப்போதும் வரவில்லை வரவில்லை என்று திட்டுகிறவள் ஏன் வரவேண்டாம் என்கிறாள் என்று ஒரு விநாடி நினைத்திருக்கலாம். பயந்தவன் கண்ணுக்கு அவன் பயம் மட்டும்தான் தெரியும்.

விதைகள் முளைத்தன. புள்ளி வைத்ததும் வைக்காததும் ஒன்று போலவே தலையைத் தூக்கின. முதல் ஜோடி இலை வந்தது, நம்பவில்லை. அதன் நடுவில் ஊசிமுனை போல ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. அன்று சோறு இறங்கவில்லை. நாளை விரிந்துவிடும் என்றே படுத்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால் எல்லாக் கப்பிலும் செடி சாய்ந்து கிடந்தது. இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகி, தண்டு துவண்டு. புள்ளி வைத்தது மட்டுமில்லை, வைக்காததும்! சுத்த மண்ணில் இருந்ததும்!

எனக்குக் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. சுத்த மண் என்று நினைத்ததிலும் மருந்தா? தண்ணீரிலா? காற்றிலா? ஊர் முழுக்கவா? அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, மனித குலத்தின் கடைசிக் காலை இதுதான் என்ற முடிவுக்கு வந்துகொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, இன்னும் எந்திரிக்கலயா?" என்றாள்.

"இன்னுமா? இன்னும்னா என்ன அர்த்தம்?"

"இல்ல, நேத்து ரொம்பச் சோர்ந்து தெரிஞ்சுது. நீங்க வேற அதப் பாத்துப் பாத்து அழுவுறீங்க. பாவமா இருந்துச்சு. ரோஜாவுக்குப் போடச் சொல்லி அண்ணி ஒரு பொட்டலம் குடுத்தாங்கல்ல, அந்த வெள்ள உரம், அதுல கொஞ்சம் போட்டேன்."

"யூரியாவா? எவ்வளவு?"

"ஒரு ஸ்பூன்."

"எல்லாத்துக்கும் சேத்தா?"

"ஒவ்வொண்ணுக்கும். ஓரவஞ்சனை பண்ணக் கூடாதுல்ல."

ஒரு காகிதக் கப்பில் ஒரு ஸ்பூன் யூரியா! நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் பயந்துபோய் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். டிரைவர், மஞ்சள் டப்பா, முறுக்கிக்கொள்ளும் குருத்து, கான்க்ரீட் கிடங்கு. அவள் முகம் மெல்ல மாறியது. கையிலிருந்த ஸ்பூனை ஏதோ ஆயுதம் போலத் தள்ளி வைத்தாள்.

"மறுபடி வெத போட்டுப் பாக்கலாமே?"

"நாளைக்கு நடவு."

"அப்ப அண்ணிகிட்ட சொல்லிடுங்க."

"என்னன்னு சொல்றது? விஷமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாதுன்னா? அக்கா என்னைக் கொன்னுடுவா."

"கொல்லட்டும். நடவுக்கு முன்னாடி போய்ச் செத்தா அவங்களுக்காவது உபயோகமா இருக்கும்" என்றாள் என்னைக் கட்டிக்கொண்டவள்.

பஸ்ஸில் போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிவிடலாமா என்று எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் பக்கத்திலிருந்தவர் வேறு இருக்கைக்கு மாறிவிட்டார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். 'அக்கா, ஒரு சின்ன விஷயம்.' சின்ன விஷயமா? 'அக்கா, நீ உட்காரு.' எங்கே உட்காருவாள், வரப்பிலா? சாலையோரத்தில் இறங்கி நிலத்துக்குள் நடந்தேன்.

அக்கா மோட்டார் கொட்டகை நிழலில் நின்றிருந்தாள். குழித்தட்டுகளில் தக்காளி நாற்று, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பச்சையாக நின்றது. என்னைப் பார்த்ததும் அக்கா சட்டென்று இரண்டடி நகர்ந்து, கீழே கிடந்த ஒரு கோணிச்சாக்கை மறைத்தாற்போல நின்றாள்.

"ஏண்டா வந்த? நாளைக்குத்தான சொன்னேன்?"

"சும்மா."

"சும்மா வர்ற மூஞ்சியா இது? வீட்ல சண்டையா?"

"இல்ல."

"ஒடம்புக்கு ஏதாவதா? சொல்லித் தொலையேன்."

ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தைகூட வரவில்லை. "அக்கா, நாத்த நடாத" என்று மட்டும் வந்தது. அதற்குப் பிறகு மற்றதெல்லாம் மூச்சுவிடாமல், முன்னும் பின்னுமாக வந்து விழுந்தது. புல், குதிரை, மஞ்சள் டப்பா, கப்பு, யூரியா. "இருக்கா இல்லயான்னு எனக்குத் தெரியலக்கா. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லலாம்னுதான் சொல்லாம இருந்தேன். தெரியாமலே போச்சு. என் குப்பைதான். என் தப்புதான்."

கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழுந்தால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கும் தைரியம் எனக்குக் கிடையாது.

அடி விழவில்லை. அதுதான் அடியைவிடப் பயமாக இருந்தது. கண்ணைத் திறந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து அந்தக் கோணிச்சாக்கைத் தூக்கினாள்.

அடியில் ஒரு குவியல். பிடுங்கிப் போட்ட பீன்ஸ் செடிகள். வேரோடு, மண்ணோடு. வாடியும் வாடாமலும் கிடந்த ஒவ்வொன்றிலும் குருத்து இலை உள்பக்கமாகச் சுருண்டு, பிறந்த குழந்தை கை போல மூடியிருந்தது. தண்டு திருகிக்கொண்டு போயிருந்தது.

"வீட்டுக்குக் கொஞ்சம் காய் ஆவட்டுமேன்னு ரெண்டு பக்க வரப்போரமும் பீன்ஸ் ஊனியிருந்தேன்" என்றாள். "இப்படி வந்துச்சு. நான்தான் மூட்டை உரத்த அதிகமாப் போட்டு மண்ணக் கெடுத்துட்டேன்னு நெனச்சேன். அடியுரம் போடறப்ப பயத்துல ஒரு கை கூடவே போட்டேன்டா, இந்தத் தடவ எப்படியாவது வெளையணும்னு. நீ பாத்தா பாடம் நடத்துவ. அதான் வரவேணாம்னேன். தெனம் கெட்டுப்போனதப் பிடுங்கி இங்க ஒளிச்சு வச்சேன்."

"எனக்குப் பயந்தா?"

"பின்ன? ஒன் வாய்க்கு யாரு பதில் சொல்றது."

ஆயுசு முழுக்க நான் பயந்த ஒரே ஆள் எனக்குப் பயந்து இத்தனை நாள் சோறு தண்ணி இறங்காமல் இருந்திருக்கிறாள். "ஒன் தப்பு இல்லக்கா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. குற்றவாளிக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாரும் சொன்னதில்லை. "யூரியா கூடிப்போனா ஓரம் கருகும், என் கப்பு மாதிரி. இது முறுக்கியிருக்கு. இது மருந்து."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நொடி அவள் கண் அகன்றது.

"அப்ப நெலம் பூராவுமாடா?"

அதற்குத்தான் நானும் பயந்தேன். எல்லாச் செடியும் இப்படியா என்று கேட்டேன். சாலைப் பக்கத்தில் கெட்டதைப் பிடுங்க ஆரம்பித்தவள், மனசு விட்டுப்போய்ப் பாதியிலேயே நிறுத்திவிட்டாளாம். வாய்க்கால் பக்கம் போய்ப் பார்க்கவே இல்லையாம்.

வரப்பு வழியாக நடந்தோம். அவள் முன்னால், நான் அவள் நிழலில். குனிந்து பார்த்தோம்: சுருண்டது. அடுத்தது சுருண்டது. அடுத்தது. ஒவ்வொரு செடியும் முஷ்டியை மடக்கிக்கொண்டு எங்களைக் குத்தக் காத்திருப்பது போல நின்றது. வெயில் பிடரியைச் சுட்டது, எனக்குக் குளிர்ந்தது. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. அவள் உள்ளங்கை என்னுடையதைவிட ஈரமாக இருந்தது. இனி பார்க்க வேண்டாம், திரும்பிவிடலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது அவள் நின்றாள்.

"டேய். இதப் பாரு."

குந்தினோம். அந்தச் செடியின் மூவிலை அரைகுறையாக விரிந்திருந்தது. அதற்கடுத்த செடி இன்னும் கொஞ்சம். அதற்கடுத்தது அகலமாக, தட்டையாக, ஒன்றும் தெரியாத அப்பாவி போல வெயிலுக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வாய்க்கால் வரை ஒன்றுகூடச் சுருளவில்லை. எதிர் வரப்புக்கு ஓடினோம். அங்கேயும் ஏறக்குறைய அதே நேரில்தான் மாறியது.

"மொத வண்டியெல்லாம் எங்க கொட்டின?"

"வாய்க்கா பக்கம். அங்கேருந்துதான் ஆரம்பிச்சோம்."

குவியலின் பழைய முனையிலிருந்துதான் முதல் வண்டிகளை ஏற்றினேன். புதுப் புல் தின்ற குதிரைகளின் சாணம் அடுத்த முனையில் இருந்தது. அது கடைசி வண்டிகளில் வந்து, சாலைப் பக்கம் இறங்கியிருக்கிறது. பாதி நிலம் தப்பித்தது. பாதி போயிற்று. இரண்டு வரப்பிலும் குச்சி நட்டு, நடுவில் கயிறு கட்டி, அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அந்தப் பக்கம் என்னடா பண்றது? தரிசாப் போட்டா நெலத்துக்காரர் அன்னிக்கே வண்டியக் கொண்டாந்து ஜல்லி கொட்டிடுவார்."

"மக்காச்சோளம்" என்றேன். "அது புல்லு ஜாதி. இந்த மருந்து அத ஒண்ணும் பண்ணாது. பசியும் பெரும்பசி. என் குப்பையும் உள்ள இருக்கு, ஒன் மூட்டையும் இருக்கு. ஆனா அறுத்த சோளத்தட்டைய என் குவியலுக்கு அனுப்பாத. இங்கயே மடக்கி உழுதுடு. வருஷம் போகப் போக மண்ணே அந்த மருந்தத் தின்னுடும். அடுத்த தடவ எது நட்டாலும் மொதல்ல பீன்ஸ்."

"சொல்றதெல்லாம் சரிதான். நெலத்துக்காரர்கிட்ட யாரு சொல்றது?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நான் பேசுறேன்" என்றாள் அக்கா கடைசியில். "நீ பக்கத்துல நில்லு. வாயத் தொறந்தே, அவ்வளவுதான்."

மறுநாள் காலை அவர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். வாயில் ஒரு வைக்கோல் துரும்பை வைத்துக் கடித்துக்கொண்டே இருப்பார். அந்தத் துரும்பு மேலே போனால் கோபமா கீழே போனால் கோபமா என்று அக்காவுக்கே இன்னும் பிடிபடவில்லை. கயிற்றைப் பார்த்தார். பாதி நிலத்தில் மட்டும் நாற்று நடுவதைப் பார்த்தார்.

"என்னம்மா இது? பங்கு பிரிச்சுட்டியா?"

அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. எனக்கு வந்துவிட்டது. "என் தப்புங்க ஐயா" என்று ஆரம்பித்து, குதிரையின் வயிற்றுக்குள் போய் வெளியே வருவதுவரை சொல்லி முடித்துவிட்டேன். அக்கா என் காலை மிதித்தாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துரும்பு அசையவில்லை. அவர் கயிற்றைத் தாண்டி, கெட்ட பக்கத்துக்குள் இறங்கினார். நடுவில் போய் நின்றார். செருப்புக் குதிகாலால் ஓங்கித் தரையைத் தட்டினார். என் நெஞ்சில் தட்டியது போல இருந்தது.

குதிகால் உள்ளே இறங்கியது. காலை எடுத்துப் பார்த்தார். இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கேயும் புதைந்தது. குனிந்து ஒரு கட்டியை எடுத்து அழுத்தினார். அது கையில் உதிர்ந்து, விரலிடுக்கில் கொஞ்சம் ஈரம் ஒட்டியது. மழை பெய்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"சத்தம் வரல" என்றார்.

எங்களுக்கு மூச்சும் வரவில்லை.

"எங்கப்பா இருந்தப்ப இப்படிப் பொதையும்" என்றார். மண்ணைத் தட்டிவிட்டு, கயிற்றைத் தாண்டி வந்தார். "சோளம் போடு. அறுப்பப் பாத்துட்டு குத்தகைய எழுதிக்கலாம். கெடங்குக்காரன்கிட்ட வேற எடம் பாக்கச் சொல்றேன்." நாலடி போய்த் திரும்பினார். "ஆனா இவன் குப்பைய இனிமே மோந்து பாத்து வாங்கும்மா."

அவர் வண்டி திருப்பம் தாண்டிப் போகும்வரை நாங்கள் அப்படியே நின்றோம். போனதும் அக்கா பொத்தென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "டேய் குப்பை, கால் வரலடா" என்றாள். எழுப்பிவிடலாம் என்று கையை நீட்டினேன். எனக்கும் கால் வரவில்லை. நானும் உட்கார்ந்தேன். நாற்று நட வந்த பெண்கள், அக்கா தம்பியா, புருஷன் பெண்டாட்டியா, ஏன் இதுகள் நடுநிலத்தில் உட்கார்ந்து சிரிக்கின்றன என்று பார்த்துக்கொண்டே குனிந்தார்கள்.

போன் அடித்தது. வழக்கம்போல யார் என்று எட்டிப் பார்த்தேன். மனைவி.

"ஏங்க, நேத்து நீங்க போனதும் புதுக் கப்புல மறுபடி வெத போட்டுட்டேன்." அவள் குரல் ரகசியம் பேசுவது போல இறங்கியிருந்தது. பக்கத்தில் தூங்கும் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று பயப்படுகிறவள் போல. "மண்ணு காஞ்சிருக்குங்க. கைய வைக்கவே பயமா இருக்கு. தண்ணியாவது ஊத்தலாமா?"

போனை அக்காவின் காதில் வைத்தேன்.